வருடம் முழுக்க ஆட ஒரு கோல்ஃப் ஷூ: ஈரத்தையும் வியர்வையையும் பார்த்து வாங்குவது எப்படி

18 ஹோலை (பந்தைப் போட வேண்டிய குழிகளை) நடந்தே ஆடினால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குள் கால் 8 முதல் 10 கிலோமீட்டர் நடந்திருக்கும். பெரும்பகுதி புல், கொஞ்சம் பங்கர் எனும் மணல்பள்ளம், கொஞ்சம் சிமென்ட் பாதை. நடுநடுவே உடம்பு முழுவதையும் சுழற்றி அடிக்க வேண்டும். அந்த நொடியில் கால் இம்மி நகர்ந்தாலும் பந்து வேறு பக்கம் போய்விடும். ஓடுவதற்கான ஷூவைப் போட்டுக்கொண்டு இதைச் செய்யலாம் என்று பலரும் தொடங்குகிறார்கள். ஓட்ட ஷூ முன்னோக்கிப் போவதற்கென்று செய்தது. பக்கவாட்டில் திருகும்போது அதன் மெத்தென்ற அடிப்பாகம் சாயும், பாதம் உள்ளேயே வழுக்கும்.

கோல்ஃப் ஷூ என்று தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதியவை. அவர்களுக்கு வாட்டர்ப்ரூஃப் என்றால் மழையைத் தடுப்பது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே காலை நனைப்பது வானம் அல்ல. கீழே இருக்கிற புல்லும் உள்ளே ஊறுகிற வியர்வையும்தான். இந்த இரண்டையும் மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் சரியான ஷூ அமையும். இல்லையென்றால் விலை உயர்ந்த ஷூவுக்குள்ளேயே கால் ஊறி வெளுத்துப்போகும்.

முதலில் இடமும் மாதமும்

எந்த மைதானத்தில், எந்த மாதங்களில், எத்தனை மணிக்கு ஆடப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சென்னை நந்தனத்தில் ஆடுபவர்களுக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மைதானம் தேங்கிவிட்டால் ஆட்டமே கிடையாது. ஆகவே கொட்டுகிற மழைக்கான ஷூ தேவைப்படுவது அபூர்வம். தேவைப்படுவது மழை விட்ட மறுநாளுக்கும் அதற்கடுத்த வாரத்துக்கும். அப்போது மேலே வெயில் அடிக்கும், கீழே புல்லின் வேரில் தண்ணீர் நிற்கும். பிறகு பனி. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்ற பழமொழி காலை ஆறு மணிக்கு ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய ஆட்டப் புல்வெளியில்) நடப்பவர்களுக்கு நன்றாகப் புரியும். மழையே பெய்யாத நாளில்கூட மூன்றாவது ஹோல் முடிவதற்குள் துணி ஷூவின் முன்பக்கம் நிறம் மாறிவிடும். கோடையில் பனி இல்லை, ஆனால் குழியைச் சுற்றியுள்ள கிரீனுக்கும் ஃபேர்வேக்கும் தண்ணீர் பாய்ச்சுவது பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ. முதல் ஆட்டமாக இறங்குபவர்களுக்கு அதுவும் ஈரம்தான்.

ஊட்டி நேர்மாறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விட்டுவிட்டுத் தூறல், பகலிலும் மூடுபனி, மேடும் சரிவுமான மைதானம், டிசம்பர், ஜனவரியில் உறைபனி. அங்கே நீர் புகாத ஷூ இல்லாமல் ஆட முடியாது என்றே சொல்லலாம். கொடைக்கானலில் குளிர் அதே மாதிரி, ஆனால் பெருமழை அக்டோபர், நவம்பரில். கோவை இவற்றோடு ஒப்பிட்டால் வறண்ட ஊர். அங்கே வருடத்தில் பெரும்பாலான நாட்களுக்குக் காற்றோட்டமான ஷூவே போதும்.

வாட்டர்ப்ரூஃப் என்றால் என்ன, எங்கே தோற்கும்

கடையில் மூன்று வகை ஷூவையும் ஒரே சொல்லில் சொல்வார்கள். பிரித்துக் கேட்டு வாங்குங்கள்.

மேலே நீர் ஒட்டாத பூச்சு மட்டும் கொண்டது ஒரு வகை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு போகும், பார்க்க நன்றாக இருக்கும். அழுத்தம் வந்தால் உள்ளே இறங்கிவிடும். ஈரப்புல்லில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையில் தோலோ செயற்கைத் தோலோ பதப்படுத்தப்பட்டு, தையல்கள் குறைக்கப்பட்டிருக்கும். மூன்றாவதுதான் முழுமையானது: கோர்-டெக்ஸ் போன்ற மெல்லிய சவ்வை ஒரு காலுறை மாதிரித் தைத்து, தையல் மேல் பட்டி ஒட்டி, ஷூவுக்குள் வைத்திருப்பார்கள். அந்தச் சவ்வில் உள்ள துளைகள் நீர்த்துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூறைவிடப் பெரியவை. ஆகவே மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாகி வெளியே போகும்.

போகும், ஆனால் வெளியே காற்று உலர்ந்தோ குளிர்ந்தோ இருந்தால்தான். ஆவி தானாக நகர்வதில்லை. உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கிற வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. ஷூவுக்குள் கிட்டத்தட்ட 34 டிகிரி, முழு ஈரப்பதம் என்று எடுத்துக்கொண்டால், ஊட்டியில் 15 டிகிரி குளிரில் அந்த வித்தியாசம் தாராளமாக இருக்கும். சென்னையில் 31 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள காலையில் அது பாதிக்கும் குறைவு. அதனால்தான் அதே ஷூ மலையில் உலர்ந்தும் கடற்கரையோரத்தில் ஊறியும் இருக்கிறது. ஷூவில் குறை இல்லை, காற்றில் இடம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாக்கு என்று சொல்கிற அந்த முன்மடல் இரண்டு பக்கமும் ஷூவோடு தைத்து மூடியிருக்கும் உயரம் வரைக்கும்தான் எந்த வாட்டர்ப்ரூஃபும். கடையில் லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் தடைபடும் இடமே தண்ணீர் தடைபடும் இடம். அது தரையிலிருந்து 6 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நெட்டைப்புல்லில் நடக்கும்போது உள்ளே வரும். மேல்வழியாக ஒரு முறை தண்ணீர் புகுந்துவிட்டாலோ, சவ்வு அதை வெளியே விடாது. ஷூ வாளி மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். பெருமழையில் அரைக்கால் சட்டையோடு ஆடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் காலில் வழிகிற நீர் நேரே காலுறைக்குள் இறங்கும். கனமழை என்றால் நீளக் கால்சட்டை போட்டு அது ஷூவின் விளிம்புக்கு மேல் விழும்படி விட்டுவிடுவதே நல்லது.

எங்கள் கருத்து இது. சமவெளியில் வாரம் ஒரு முறைக்கு மேல் ஆடுபவர்கள் ஒரே விலை உயர்ந்த ஷூவுக்குப் பதில் நடுத்தர விலையில் இரண்டு ஜோடி வாங்குங்கள்: பனிக்கும் மழைக்காலத்துக்கும் சவ்வு வைத்த இலகுவான ஒன்று, மார்ச் முதல் செப்டம்பர் வரை வலைத்துணி வைத்த ஒன்று. ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது மற்றது காலில் இருக்கும். டெகாத்லான் கடையின் இனெசிஸ் என்ற கோல்ஃப் வகைகளில் இப்படி இரண்டு ஜோடி சேர்த்தாலும் பெரிய நிறுவனங்களின் ஒரு ஜோடி தோல் ஷூவைவிடச் செலவு குறைவாகவே வரும். ஒரே ஜோடிதான் முடியும் என்றால், முன்பக்கமும் பக்கங்களும் நீர் புகாததாக, எடை ஒரு ஷூவுக்கு 400 கிராமுக்குள் இருப்பதாகப் பாருங்கள். மலையில் ஆடுபவர்கள் எடையைப் பற்றிக் கவலைப்படாமல் முழுத் தோல், முழுச் சவ்வு என்று போகலாம்.

காலை அளக்கிற முறை

சாயங்காலம் அளங்கள். பகல் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும். பன்னிரண்டாவது ஹோலில் உங்கள் கால் அந்த அளவில்தான் இருக்கப்போகிறது. ஆடும்போது போடும் காலுறையோடு, சுவரில் குதிகால் படும்படி வெள்ளைத் தாள் மேல் நில்லுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் பாதம் விரியாது. வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையட்டும். குதிகாலிலிருந்து நீளமான விரல் வரைக்கும் (பலருக்கு அது கட்டைவிரல் இல்லை, பக்கத்து விரல்), பிறகு விரல்கள் தொடங்கும் மூட்டுகளில், பாதம் அகலமாக இருக்கும் இடத்தில் குறுக்கே. இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை நம்பாதீர்கள். இந்தியக் கடைகளில் யு.கே. அளவுதான் வழக்கம். அடிடாஸில் யு.கே. 8 என்பது அமெரிக்க 8½. ஃபுட்ஜாயில் அதே யு.கே. 8 அமெரிக்க 9. எக்கோ ஐரோப்பிய எண்ணில் செய்கிறது. இணையத்தில் வெளிநாட்டு அளவைப் பார்த்து வாங்கி ஒரு அரை எண் தவறினால் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் வித்தியாசம். பெட்டியின் பக்கத்திலோ நாக்கின் உட்புறத்திலோ சென்டிமீட்டர் அளவும் அச்சிட்டிருந்தால் உங்கள் தாளில் உள்ள அளவை அதோடு பொருத்துங்கள்.

செருப்பிலேயே வளர்ந்த கால்கள் விரல் பக்கம் விரிந்தே இருக்கும். நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்கினால், நீளத்தை ஏற்றாமல் அகலத்தை ஏற்றுங்கள். ஃபுட்ஜாய் போன்றவற்றில் மீடியம், வைடு, எக்ஸ்ட்ரா வைடு என்று தனித்தனியாக உண்டு. ஜப்பானிய நிறுவனங்களில் 3ஈ, 4ஈ என்று எழுதியிருக்கும். நீளத்தை ஏற்றினால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும், பிறகு கொப்புளம்.

அடிப்பாகம்: ஸ்பைக்கா, ஸ்பைக்லெஸ்ஸா

இரும்பு ஆணி வைத்த பழைய ஷூக்களை இப்போது பெரும்பாலான மைதானங்கள் அனுமதிப்பதில்லை. 1990-களில் வந்த மென்மையான பிளாஸ்டிக் ஸ்பைக்குகள்தான் இன்று ஸ்பைக் எனப்படுவது. அடியில் ஆறு முதல் ஒன்பது வரை இருக்கும், தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். ஸ்பைக்லெஸ் என்பதில் சோலோடு சேர்ந்து வார்த்த சிறு ரப்பர் முடிச்சுகள். அவை தேய்ந்தால் ஷூவையே மாற்ற வேண்டியதுதான்.

சரிவு, சேறு, ஈரக்களிமண் என்றால் ஸ்பைக். ஊட்டி, கொடைக்கானலுக்கு யோசிக்கவே வேண்டாம். ஏப்ரல், மே மாதத்தில் காய்ந்து இறுகிய சமவெளி மண்ணில் ஸ்பைக் இறங்காது. ஒவ்வொரு ஸ்பைக்கும் உள்ளங்காலில் ஒரு புள்ளியாக அழுத்தும். அங்கே ஸ்பைக்லெஸ் சுகம். ஆனால் ஈரக் களிமண்ணில் ஸ்பைக்லெஸ் முடிச்சுகளுக்கு இடையில் சேறு அப்பி, சோல் வழவழவென்று ஆகிவிடும். முடிச்சுகள் தள்ளித் தள்ளி, ஆழமாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சுண்டுவிரல் நுனி இடையில் நுழைய வேண்டும்.

ஸ்பைக்கோ ஸ்பைக்லெஸ்ஸோ, மழை நாளில் கிளப் கட்டடத்துக்குள் போகும்போது நிதானமாக நடங்கள். நனைந்த டைல்ஸில் எளிதில் வழுக்கும், ஏனென்றால் அங்கே ஸ்பைக்கின் அல்லது முடிச்சின் நுனி மட்டுமே தரையைத் தொடுகிறது.

கடையில் போட்டுப் பார்ப்பது

இரண்டு ஷூவையும் போட்டு லேஸை முழுக்கக் கட்டுங்கள். முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர், அதாவது கைக் கட்டைவிரல் அகலத்தில் சுமார் பாதி, இடம் வேண்டும். பத்து நிமிடமாவது நடங்கள். குதிகால் 3 மில்லிமீட்டர் வரை எழும்பினால் பரவாயில்லை, தோல் பழகும்போது அடங்கும். அதற்கு மேல் எழும்பினால் விட்டுவிடுங்கள்.

பிறகு பந்தடிக்கும் கிளப்பைப் பிடிக்கிற மாதிரி நின்று முழுச் சுழற்சி அடித்துப் பாருங்கள். வலதுகை ஆட்டக்காரருக்கு முடிவில் எடை இடதுகாலின் வெளிவிளிம்பில் ஏறும். அப்போது பாதம் ஷூவின் பக்கச்சுவரைத் தாண்டி வழியக் கூடாது. வலதுகால் நுனியில் திரும்பி நிற்கும். அங்கே வளைகிற இடம் விரல்கள் தொடங்கும் மூட்டுகளுக்கு நேராக இருக்க வேண்டும். ஷூ நடுவில் வளைந்தால் உள்ளங்கால் வலிக்கும். வலதுஷூவின் மூக்கு தரையில் உரசித் தேய்வது எல்லாருக்கும் நடக்கும், ஆகவே அங்கே ரப்பர் பட்டி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இடதுகை ஆட்டக்காரர்கள் இதை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

கடையில் சரிவுப் பலகையோ படிக்கட்டோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முட்டினால் ஊட்டியில் நகம் கறுக்கும்.

பழக்குவதும் காலுறையும்

புது ஷூவோடு நேராக 18 ஹோல் போகாதீர்கள். வீட்டுக்குள் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் வீதம். பிறகு பயிற்சி அடிக்கும் ரேஞ்சில் ஒரு கூடை பந்து. பிறகு 9 ஹோல். தோல் ஷூவுக்கு இன்னும் ஒரு சுற்று கூடுதலாகக் கொடுங்கள்.

பருத்திக் காலுறை வேண்டாம். அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சவ்வுக்கு ஆவியாகக் கொடுக்காது. பாலியெஸ்டர் கலவையோ மெரினோ கம்பளியோ சரி. மெரினோ என்றதும் சூடு என்று நினைக்க வேண்டாம், மெல்லியது வெயிலுக்கும் ஒத்துவரும். பையில் ஒரு ஜோடி வைத்திருந்து ஒன்பதாவது ஹோலில் மாற்றுங்கள். இந்த ஒரு பழக்கத்தில் கிடைக்கும் சுகம் ஷூவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பல ஆயிரம் ரூபாயில் கிடைக்காது. கால்நகத்தையும் வெட்டி வையுங்கள். நீண்ட நகமும் ஷூவுக்குள் தங்கிய பங்கர் மணலும்தான் சவ்வை உள்ளிருந்து கிழிப்பவை.

ஒழுகுகிறதா, வியர்க்கிறதா

ஆட்டம் முடிந்து காலுறை ஈரமாக இருந்ததும் ஷூ ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். சோதித்துப் பாருங்கள். ஷூவை நன்றாகக் காயவிட்டு, இன்சோலை (உள்ளே கழற்றக்கூடிய மெத்தையை) எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். ஒரு அகலமான தட்டில் 3 சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி ஷூவை நிறுத்தி, விரல் மடங்கும் இடத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கையால் பத்துத் தடவை மடக்குங்கள். இருபது நிமிடம் கழித்துத் தாளை வெளியே எடுங்கள். காலே உள்ளே இல்லாததால் வியர்வைக்கு வழியில்லை. தாளில் ஒரு இடம் கறுத்து நனைந்திருந்தால் அது ஒழுக்கு. பெரும்பாலும் மடிப்பு விழும் இடத்திலோ நாக்கின் தையலிலோ இருக்கும். தாள் உலர்ந்தே வந்தால் ஷூ நன்றாக இருக்கிறது, நனைத்தது உங்கள் கால்தான். காலுறையில் தெரியும் அடையாளமும் உதவும்: வியர்வை உள்ளங்கால் முழுக்கப் பரவி வெதுவெதுப்பாக இருக்கும், ஒழுக்கு ஓரிடத்தில் சில்லென்று தொடங்கும்.

வாட்டர்ப்ரூஃபுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் என்று உத்தரவாதம் தருகிற நிறுவனங்கள் உண்டு. ரசீதைப் பத்திரப்படுத்தி, வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஆட்டத்துக்குப் பிறகு

வெந்நீர், வாஷிங் மெஷின், ஹேர் டிரையர், கார் பின்பெட்டி, மொட்டைமாடி வெயில் எதுவும் வேண்டாம். சூடு பசையை இளக்கும், தோலை வெடிக்க வைக்கும். சேற்றைக் குளிர்ந்த தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்து, இன்சோலைத் தனியே காயவைத்து, செய்தித்தாள் திணித்து, மின்விசிறிக்குக் கீழே நிழலில் வையுங்கள். முதல் தாளை ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள். அதிலேயே நிறைய ஈரம் வந்துவிடும். முழுதாகக் காய 24 முதல் 48 மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் தோல் ஷூவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தால் உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே துடைத்து, காற்றாட விட்டு, பிறகு தோல் க்ரீம் மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் தடவுகிற வழக்கம் நல்லதில்லை, சவ்வு வரை ஊறித் துளைகளை அடைத்துவிடும்.

ஸ்பைக்குகளை 15, 20 ஆட்டத்துக்கு ஒரு முறை பாருங்கள். சிமென்ட் பாதையில் அதிகம் நடப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தேயும். வாங்குமுன் பழைய ஸ்பைக் ஒன்றைக் கழற்றி எடுத்துப் போங்கள், ஏனென்றால் ஃபாஸ்ட் ட்விஸ்ட், பின்ஸ், ஸ்லிம்-லாக் என்று பூட்டுகிற முறைகள் வேறு வேறு, ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டு முள் உள்ள ஸ்பைக் சாவியை அழுத்திப் பிடித்து இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். மண் இறுகித் திரும்ப மறுத்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஊசியால் மண்ணைக் கிளறி, பிறகு முயலுங்கள். துளை தேய்ந்து சாவி பிடிக்கவில்லை என்றால் ஊசிமூக்குக் குறடு. புதியதைப் போடும்போது 'க்ளிக்' என்று பூட்டும் வரை திருப்ப வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் உள்மரை போய்விடும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பாதி புதிது, பாதி பழையது என்றால் நிற்பதே சமமில்லாமல் போகும்.

கடைசியாக ஒன்று. பழைய தோல் ஷூவைப் பெட்டியில் பூட்டி இரண்டு மூன்று வருடம் வைத்திருந்து வெளியே எடுத்தால், மேலே புதிது மாதிரி இருக்கும். நடந்த சில ஹோல்களில் சோல் ரொட்டித்துண்டு மாதிரி உதிரும். பாலியூரிதேன் சோலைக் காற்றின் ஈரம் மெல்ல மெல்லச் சிதைப்பதால் வருவது இது. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் விரைவாகவே நடக்கும். ஈ.வி.ஏ. நுரை சோலில் இப்படி ஆவதில்லை, ஆகவே எப்போதாவது மட்டும் ஆடுபவர்கள் ஈ.வி.ஏ. என்று கேட்டு வாங்குங்கள். கழிவு விலையில் பழைய இருப்பு கிடைத்தால் நாக்கின் உட்சீட்டில் உற்பத்தி மாதமும் வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் ஆன பாலியூரிதேன் சோல் என்றால் எந்த விலைக்கும் வேண்டாம். வீட்டில் இருப்பதைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் துணிப்பையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒரு முறையாவது எடுத்துப் போட்டு நடங்கள். பயன்படுத்தும் ஷூவைவிட பூட்டி வைத்த ஷூவே சீக்கிரம் உதிர்கிறது.